உன்னுது, என்னுது

என் அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. வாரம் முழுக்க ஊரில் இருக்கிறவர்களை மேலே ஏற்றி இறக்குவது போதாதென்று, விடுமுறை வந்தால் தானே மேலே போய்விடுவார். ஊருக்கு வெளியே ஒரு பறக்கும் கிளப் இருந்தது. அங்கே இருந்த பழைய இரட்டை இறக்கை விமானத்தின் மேல் அவருக்கு அப்படியொரு கிறுக்கு. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணி, கையால் சுற்றிவிட்டால்தான் உயிர் வரும் எஞ்சின், தலைக்குமேல் மூடி கிடையாது. என் அக்கா அதை விமானம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அவர் சக்களத்தி வீட்டுக்குப் போயிருக்கார், சாயங்காலம் வருவார்" என்று வாசலில் வந்து கேட்பவர்களிடம் முகம் மாறாமல் சொல்வாள். பழகினவர்கள் சிரிப்பார்கள். புதிதாக வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள்.

அத்தானுக்கு ஒரே தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அண்ணன் எதைத் தொட்டாலும் தானும் தொடவேண்டும் அவனுக்கு. அண்ணன் பறக்கக் கற்றுக்கொண்ட மறு வருடமே அவனும் போய்க் கற்றுக்கொண்டான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே பறந்தார்கள். பின்சீட்டில் அண்ணன், முன்சீட்டில் தம்பி.

அந்த விமானத்தில் இரண்டு சீட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். இரண்டு சீட்டிலும் ஓட்டும் கம்பி உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். அதனால் இந்த நொடியில் ஓட்டுவது யார் என்பதில் ஒரு மயிரிழை சந்தேகமும் இருக்கக்கூடாது. கொடுப்பவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும், வாங்குபவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டும், அதற்குப் பிறகுதான் கையை எடுக்கலாம். எல்லா விமானிகளுக்கும் இதற்கென்று ஒரு வாசகம் உண்டு. இந்த இரண்டு பேரும் தங்களுக்கென்று சொந்தமாக ஒன்று வைத்திருந்தார்கள். சின்ன வயதில் பம்பரத்துக்கும் பென்சிலுக்கும் "என்னுது, என்னுது" என்று மயிரைப் பிடித்து உருண்டவர்கள் ஆயிற்றே. ஆகாயத்தில் கொடுக்கிறவன் "உன்னுது" என்பான். வாங்குகிறவன் "என்னுது" என்பான். அவ்வளவுதான். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பேச்சு நடக்கும். இந்தப் பக்கம் வாயில் ஒரு கிண்ணம், அந்தப் பக்கம் தலைக்கவசத்தில் காதோரம் குழாயின் மறுமுனை. பதிலுக்கு அதேமாதிரி இன்னொரு குழாய்.

விபத்து நடந்த அன்று அத்தான்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். தரையிறங்குவதற்கு முன் கடைசியாகத் திரும்பும் இடம். எஞ்சினிலிருந்து எண்ணெய் தெறித்து அவர் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியை மூடிவிட்டது. "உன்னுது" என்றார். குழாயில் "என்னுது" என்று பதில் வந்தது. கையை எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது விமானத்தின் வேகம் செத்துப் போயிருந்தது, இடது இறக்கை தொங்கிவிட்டது. தம்பி விளையாடுகிறான் என்று ஒரு கணம் நினைத்தாராம். அடுத்த கணம் தரை வந்துவிட்டது. முன்சீட்டுதான் முதலில் மோதும். தம்பி அங்கேயே போய்விட்டான். அத்தானுக்கு இடுப்பெலும்பு நொறுங்கி, பிழைத்தார். அன்று முதல் அவர் நடை கோணல் நடைதான்.

விசாரணையில் யார் ஓட்டினீர்கள் என்று கேட்டார்கள். காதில் விழுந்ததைச் சொன்னார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. முன்சீட்டில் இருந்தவர் பொறுப்பை வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டதால் விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

அந்த ஒரு வரியைத் தம்பியின் மனைவி தலையில் சுமந்தாள். என் அக்காவுக்கு அவள் ஓரகத்தி. எனக்குச் சின்னக்கா. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து பிழைப்பை ஓட்டிக்கொண்டு, கைக்குழந்தையாக இருந்த மகளைத் தனியாளாக வளர்த்தாள். வாரம் தவறாமல் வந்து "மாமா, கால் இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு நிற்பாள். உட்காரச் சொன்னாலும் அத்தான் எதிரில் உட்காரமாட்டாள். ஏதோ அவளே வந்து அவர் இடுப்பை உடைத்துவிட்டுப் போன மாதிரி. எனக்கு எரிச்சலாக வரும். ஒருமுறை "எதுக்கு சின்னக்கா இப்படிக் கூனிக் குறுகி நிக்கறீங்க? நீங்களா பண்ணீங்க?" என்று கேட்டேவிட்டேன். "பண்ணவர் இல்லையே, அதான் நான் நிக்கறேன்" என்றாள். மகள் கையிலிருந்து ஒரு தம்ளர் நழுவினால் போதும், "அப்படியே அப்பன் கவனம்" என்று ஒரு சொல் வந்து விழும். அந்தப் பெண் அதைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தாள்.

உடைந்த விமானத்தைக் கொளுத்திவிடலாம் என்று கிளப்பில் பேச்சு வந்தது. அத்தான் இரண்டு ஊன்றுகோலோடு போய் நின்று, லாரி வைத்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "பாவம், அது என்ன பண்ணுச்சு?" என்பது அவர் கட்சி. கிளப்பின் புல்வெளியை ஒட்டி இருந்த பழைய லாரி கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். அதற்குப் பிறகு அவர் ஆயுள் முழுக்க அந்தக் கொட்டகையில்தான் கழிந்தது என்றால் மிகையில்லை. அந்த வகை விமானம் எங்கே எந்த மழையில் அழுகிக்கொண்டிருந்தாலும் அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். ஒரு பள்ளிக்கூடத்துக் கிடங்கில் கோழி அடைத்து வைத்திருந்த வால்பகுதியைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தார். கோழி நாற்றம் போக மாதக்கணக்கு ஆனது. நடுவில் வேறு ஊர்க்காரர்களின் பழைய விமானங்களையும் பார்த்துக் கொடுத்தார். மற்றவர்களுடையது இரண்டு மூன்று, கிழம் கிழமாக, அவர் கைபட்டுப் பறந்தன. தன்னுடையது மட்டும் முடிவதே இல்லை. முடித்துவிட்டால் ஏறவேண்டுமே என்று பயப்படுகிறார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

முன்சீட்டில் யாரும் உட்காரக்கூடாது. அது கொட்டகையின் சட்டம். துடைப்பது அவர், வார் மாட்டுவது அவர். வேலை நடக்கும்போது பேச்சும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் போகும். "டேய், இந்த ஆணி சரியா இருக்கா பாரு" என்பார். நான் திரும்பினால் என்னை அல்ல. காற்று அடித்தால் பேச்சுக் குழாயின் வாயில் 'ம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பும். நான் பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் கொட்டகையில் தனியாக இருந்தால் அந்தக் குழாயின் வாயில் ஒரு துணிப்பந்தை அடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

என் வேலை தையல். ஊரில் பாதிப்பேர் கல்யாணக் கோட்டு என் கையால் தைத்தது. அந்தத் திமிரில் ஒருநாள் அத்தான் இறக்கைக்குத் துணி போர்த்துவதைப் பார்த்து, "இதென்ன அத்தான், மெத்தை உறை மாதிரி இருக்கு" என்று நக்கலடித்தேன். "அப்ப நீயே தை மாப்ளே" என்று முழநீள ஊசியைக் கையில் திணித்துவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மெழுகு தேய்த்த நூலை மேல் துணியில் நுழைத்து, சட்டத்தைச் சுற்றி, கீழ்த் துணியில் வாங்கி, ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தாலும் அடுத்தது பிரியக்கூடாது. பிறகு அதன்மேல் ஒரு வார்னிஷ் பூசினால் துணி விறைத்துக்கொள்ளும், தட்டினால் டங் என்று கேட்கும். நகச்சாயம் போல ஒரு நெடி. வீட்டுக்குப் போனால் என் மனைவி ஒருமாதிரியாகப் பார்ப்பாள்.

எல்லாம் முடிந்து, தட்டிக்கழிக்க இனி ஒரு சாக்கும் இல்லை என்ற நாளும் வந்தது. தரையிலேயே கட்டிப்போட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். கிளப்பில் முன்பு வேலை பார்த்த ஃபிட்டர் விசிறியைச் சுற்றிவிட வந்திருந்தார். முன்சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து அங்கிருக்கும் மீட்டர் முட்களைப் படித்துச் சொல்லவேண்டும். அத்தான் என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏறு மாப்ளே" என்றார் கடைசியில்.

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபிட்டர் விசிறியை ஒரு இழுப்பு இழுத்தார். இருமியது. இன்னொரு இழுப்பு. பிடித்துக்கொண்டது. அப்பா, அந்தக் காற்று! முகத்தில் அறைந்து வாய்க்குள் புகுந்தது. அத்தனை வருடமாகப் பிணம்போல் கிடந்த வண்டி என் தொடைக்குக் கீழே நடுங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, காற்றினால் என்று வைத்துக்கொள்ளலாம். அத்தான் சந்தோஷத்தில் என்ன நினைத்தாரோ, நானும் அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்க்கட்டும் என்று நினைத்திருப்பார். குழாயில் ஏதோ கரகரத்தது. எனக்கு விளங்கவில்லை. வாய்க்கிண்ணத்தில் கத்தினேன்.

"என்னது?"

சட்டென்று எஞ்சின் அணைந்தது. விசிறி தடதடத்து நின்றது. ஏதாவது உடைந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். அத்தான் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்ப என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலையே அத்தான்."

"சொன்னே. என்னுதுன்னு சொன்னே. உன்கிட்ட யாரு சொல்லிக்கொடுத்தா?"

"ஐயோ, நான் எதுக்கு என்னுதுங்கறேன்? நீங்க பேசினது காதுல விழல. என்னதுன்னு கேட்டேன்."

"திரும்பச் சொல்லு."

"என்னது?"

"குழாயில சொல்லு."

சொன்னேன். அவர் காதோரம் தலைக்கவசத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். ஃபிட்டர் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். நாலாவது தடவை சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அதற்குப் பிறகு அவர் கேட்டும் நான் சொல்லவில்லை.

அவரைக் கைத்தாங்கலாக இறக்கி ஒரு பெட்டியின் மேல் உட்காரவைத்தோம். ஃபிட்டரைத் தேநீர் வாங்கிவர அனுப்பினேன்.

"அவன் வாங்கவே இல்ல மாப்ளே" என்றார். "கேட்டிருக்கான். என்ன சொல்றேன்னு கேட்டிருக்கான்."

"சும்மா நீங்களா எதையாவது நினைச்சுக்காதீங்க. அந்தக் காத்துல எது எப்படிக் கேட்டுச்சோ, யாரு கண்டா?"

"எப்பவும் அடிச்சுச் சொல்லுவான், சண்டை போடற மாதிரி. அன்னிக்கு மட்டும் கடைசியில இழுத்தான். ராகம் போடறான்னு நினைச்சேன். இத்தனை வருஷமா அந்த இழுப்புதான் என் காதுல கேட்டுட்டே இருக்கு. ஏன் இழுத்தான், ஏன் இழுத்தான்னு எத்தனை நாள் யோசிச்சிருப்பேன் தெரியுமா? அது கேள்விடா. கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்லாம நான் கண்ணாடி துடைச்சுட்டு இருந்திருக்கேன்."

அவர் சொன்னதுதான் உண்மை என்று எனக்கும் பட்டுவிட்டது.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சின்னக்காவிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று அத்தான் சொன்னதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? செத்தவர் வரப்போறாரா? அவ ஏதோ ஒருமாதிரி மனசை ஆத்திக்கிட்டு இருக்கா. நீங்க போய்க் கிளறிட்டு வந்தா உங்க பாரம் இறங்கிடும், அது அவ தலையில ஏறும்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அத்தான் எழுந்தார். செருப்பைத் தேடினார். மாடிப்படி ஏறமாட்டாரே என்று நானும் கூடப் போனேன்.

சின்னக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மாமா, இந்தக் காலோட படியேறி வந்திருக்கீங்க, ஒரு வார்த்தை சொன்னா நான் வரமாட்டேனா" என்று நாற்காலியைத் தேடி ஓடினாள். அத்தான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தட்டுத் தடுமாறி, முன்னுக்குப் பின்னாக, அந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டி. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் தேய்ப்புப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"அப்ப அவர்மேல தப்பு இல்லையா?"

"இல்லம்மா. அவனுக்கு எதுவுமே தெரியாது."

அவள் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். தம்பியின் படம். அந்த வீட்டுச் சுவரில் அது இல்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்கு முன்னாடி இதை மாட்ட எனக்குக் கூச்சமா இருந்துச்சு மாமா. உங்க காலை இப்படிப் பண்ணிட்டுப் போயிட்டாரேன்னு. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் திட்டுவேன். கூட வந்தவரைப் பத்தி ஒரு நினைப்பு வேணாமா, பெத்த புள்ளையப் பத்தி ஒரு நினைப்பு வேணாமான்னு திட்டுவேன். பொண்ணையும் திட்டியே வளர்த்தேன். ஒண்ணும் பண்ணாத மனுஷனைப் போய் இத்தனை வருஷமா..."

அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறித் தடுக்கவில்லை. பழைய சின்னக்காவாக இருந்தால் தடுத்திருப்பாள்.

"உங்கமேல கோபம் இல்லன்னு சொல்லணும்னுதான் பாக்கறேன். வரமாட்டேங்குது. நீங்க போங்க மாமா. வரும்போது நானே வரேன்."

மாதங்கள் போயின. அவள் வரவில்லை. வெளியூரில் இருந்த மகளிடம் ஃபோனில் சொல்லியிருக்கிறாள் என்று அக்கா மூலம் தெரிந்தது. விமானத்துக்குப் பரிசோதனை முடிந்து அனுமதியும் வந்துவிட்டது. கிளப்பின் பயிற்சியாளர் ஒருவர்தான் முதலில் பறந்தார், பிறகும் சில தடவை பறந்தார். இறக்கையில் ஒரு தையல் பிரியவில்லை என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அத்தான் கொட்டகைக்குள்ளேயே இருப்பார். அது தலைக்குமேல் போகும் சத்தம் கேட்டால்கூட வெளியே வந்து பார்க்கமாட்டார். அவரிடம் இன்னும் உரிமம் இருந்தது, உடம்பும் இடம் கொடுத்தது. "இனி நான் எவனையும் நம்பி ஏறமாட்டேன். என்னையும்தான்" என்றார். ஆயுளைக் கொட்டிக் கட்டிய வண்டியை இன்னொருவர் ஓட்ட, இவர் இருட்டில் உட்கார்ந்திருந்தார். அக்கா சக்களத்தி என்று சொல்வதையும் நிறுத்திவிட்டாள். அவளே பலமுறை "ஒரே ஒரு தடவை ஏறிட்டு வாங்களேன்" என்று கெஞ்சினாள்.

சின்னக்கா வந்தது ஒரு விடுமுறை நாள் காலையில். அலுவலகத்துக்குப் போவதுபோல் தலையை இழுத்து வாரி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் நேராக விமானத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவர் எதுல உக்காந்திருந்தார்?"

நான் காட்டினேன். ஏறுவதற்குக் கையை நீட்டினாள். ஏற்றிவிட்டு வாரையும் தலைக்கவசத்தையும் மாட்டினேன். கொட்டகை வாசலில் வந்து நின்ற அத்தானை அங்கிருந்தே பார்த்தாள்.

"வாங்க மாமா. ஓட்டுங்க."

"வேணாம்மா. பயிற்சியாளர் இருக்கார். நல்லா ஓட்டுவார், அவரைக் கூப்பிடறேன்."

"என் வீட்டுக்காரர் யாரோட பறந்தாரோ அவரோடதான் நானும் பறப்பேன். நீங்க வரலன்னா நான் இறங்கமாட்டேன், இங்கேயே உக்காந்திருப்பேன்."

சொன்னால் செய்கிறவள். அத்தான் அந்தக் கோணல் நடையில் வந்தார். ஏறும்போது கால் இரண்டு முறை நழுவியது. ஃபிட்டர் விசிறியைச் சுற்றிவிட்டார். புல்லில் ஓடி, ஒரு குதி குதித்து, எழும்பியது. அக்கா என் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் கவனிக்காததுபோல் இருந்தேன்.

பெரிய வட்டமாகச் சுற்றினார்கள். தரையிறங்கத் திரும்பும் அந்த இடம் வந்தது. இறங்கவில்லை. மறுபடியும் மேலே போய்ச் சுற்றி அதே இடத்துக்கு வந்தார்கள். மறுபடியும். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியாக ஒருவழியாக வந்து இறங்கி, புல்லில் தத்தித் தத்தி ஓடி நின்றது.

சின்னக்கா தானாகவே வாரைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. எங்கள் பக்கம் வராமல் புல்வெளியின் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். அக்கா அவளிடம் ஓடினாள். அத்தான் பின்சீட்டை விட்டு எழவில்லை. கைகள் இன்னும் கம்பியைப் பிடித்திருந்தன. நான் இறக்கையில் கால்வைத்து ஏறி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

"மேல போய் என்ன அத்தான் பேசினாங்க?"

"அந்தத் திருப்பத்துல வந்ததும் ஒண்ணே ஒண்ணு கேட்டா. அவர் பயந்திருப்பாரா மாமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. முன்சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பயந்திருக்கமாட்டான்மான்னு சொன்னேன். அண்ணன் ஓட்டறான்னு நினைச்சு உக்காந்திருந்தான்."